பாதி மலைக்கு ஒரு சீட்டு

வால்பரைசோவில்
வங்கி, மீன், சுங்கம் எல்லாம் கடலோரம்.
மற்றதெல்லாம் செங்குத்து.
நாற்பதுக்கு மேல் குன்றுகள் என்கிறார்கள்.
ஏறி எண்ணியவர் எவரும்
மூச்சு வாங்காமல் விடை சொன்னதில்லை.

மேல்நிலையக் கூண்டில் உட்கார்ந்து
சீட்டுக் கிழிப்பவள் நான்.
இழுவை ரயில் என்பது கௌரவப் பெயர்.
சாய்ந்த தண்டவாளத்தில் இரண்டு மரப்பெட்டி,
நடுவே ஒரு கம்பிவடம்.
ஒன்று ஏற ஒன்று இறங்கும்.
பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள் மாதிரி
பாதி வழியில் மட்டும் பக்கத்தில் வரும்,
முகம் திருப்பிக்கொண்டு போகும்.

வெளியூர்க்காரர்கள் கேட்பது நாலே கேள்வி.
சுவரோவியம் எங்கே?
கடல்சிங்கம் எங்கே?
கழிப்பறை எங்கே?
இந்தப் பெட்டி விழுமா?
முதல் மூன்றுக்கும் கை நீட்டுவேன்.
கடைசிக் கேள்விக்கு,
"இதுவரை இல்லை."

எதிர்வீட்டுக் கொடியில் காயும் உள்பாவாடையை
மஞ்சள் தகரச் சுவரோடு சேர்த்துப் படமெடுத்து
என்ன நிறம், என்ன நிறம் என்றார் ஒருவர்.
கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட், ஐயா.
பாவாடை ஒல்காவுடையது.
படிக்கட்டில் படுத்திருக்கும் நாய்க்குத் தூதர் என்று பேர்.
எல்லார் படத்திலும் இருக்கிறான்.
ஒசாகாவில் எத்தனை குளிர்பெட்டிக் கதவில்
ஒட்டிக்கொண்டு தூங்குகிறானோ.

ஜனவரி. வியாழக்கிழமை. உச்சி வெயில்.
ஏறுகிற பெட்டியில்
ரொட்டிக்கடை விளாதிமிர், மடியில் கேக்.
அவனை ஒட்டி டென்மார்க் தம்பதி,
தொப்பியை விசிறியாக்கிய பிரேசில் பல்மருத்துவர்.
இறங்குகிற பெட்டியில்
இரவுப் பணிக்குப் பின் தூங்கி வழியும் நர்ஸ்,
எரிவாயு சிலிண்டரோடு ஒருவன்,
சீருடை கசங்கிய இரண்டு மாலுமிகள்.

மின்சாரம் போனது.
பெட்டிகள் நின்றன,
சரியாகப் பாதியில், சன்னலுக்குச் சன்னல்.

நிக்கனோர் ஸ்பேனரோடு பல்சக்கரத்துக்குள் தலைவிட்டான்.
அவன் தலை உள்ளே போனால்
அரை மணிக்குக் குறைந்து வெளியே வராது.
பத்து நிமிடம்.
கேக்கின் மேல் இருந்த ரோஜா சரிந்தது.
பதினைந்து.
"எர்மீனியா" என்ற எழுத்தில்
கடைசி எழுத்து பக்கவாட்டில் வழிந்தது.

எர்மீனியாவே மாடியில் நின்றாள்,
தலையில் பாதி சாயம், கழுத்தில் துண்டு.
தன் ஐம்பத்திரண்டாவது பிறந்தநாளுக்குத்
தானே சொல்லி வைத்த கேக்.
விளாதிமிர் அழாத குறையாக அண்ணாந்து பார்த்தான்.
அவள் கைகளைக் குவித்துக் கத்தினாள்.
குன்று முழுக்கக் கேட்டது:

"உருகினதை என்கிட்ட கொண்டுவராதே!
தின்னு தொலைங்கடா!"

கத்தி இல்லை.
ஓட்டல் அறையின் பிளாஸ்டிக் சாவியால்
டென்மார்க்காரர் வெட்டினார்.
கத்தரித்த வரைபடம் தட்டானது.
சன்னல் வழியே சன்னலுக்கு
முதல் துண்டு நர்ஸுக்குப் போனது.
சிலிண்டர்காரன் இரண்டு முறை கேட்டு வாங்கினான்.
மாலுமிகள் பிறந்தநாள் பாட்டை
ஆளுக்கொரு சுருதியில் ஆரம்பித்தார்கள்.
மாடியிலிருந்து ஈரத்துண்டு ஆடியது.
அன்றைக்குத்தான்
சம்பந்திகள் கை நனைத்தார்கள்.

மூன்று மணிக்குப் படகுப் பயணமாம் அவர்களுக்கு.
தவறவிட்டார்கள்.
கடல்சிங்கம் அவர்களைத் தேடியிருக்காது.

மறுநாள் காலை
என் கூண்டுக்கு முன்னால் டென்மார்க் தம்பதி.
நேற்று நின்ற இடம் வரைக்கும்
இரண்டு சீட்டு வேண்டுமாம்.

பாதிக்குச் சீட்டு கிடையாது என்றேன்.
சரி பண்ணியாயிற்று, இனி நிற்காது என்றேன்.
அந்த அம்மாள் சன்னமாகக் கேட்டாள்,
"நிற்கவே நிற்காதா?"
ஐந்தாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.
முழுச் சீட்டு கிழித்துக் கொடுத்தேன்.

நாலு தடவை போய்வந்தார்கள்.
ஒவ்வொரு தடவையும் நடுவழியில்
கண்ணாடியில் மூக்கு அழுந்தப் பார்த்தார்கள்.
எதிர்ப்பெட்டியில் யார் யாரோ,
ஒரு தடவை நாய் மட்டும்.

கடைசியாக இறங்கியபோது
விளாதிமிர் மேலே ஏறிக்கொண்டிருந்தான்,
ரொட்டிக் கூடையோடு, கைப்பேசியில் கண்ணாக.
பெட்டி தாண்டப் போகும் நேரத்தில்
நிமிர்ந்து பார்த்து
கூடையை ஒரு விரற்கடை உயர்த்திக் காட்டினான்.

அடுத்த ஆள் சில்லறை நீட்டிக்கொண்டிருந்தார்.
கழிப்பறை எங்கே என்றார்.